மூணு மணி நேரம்தானே!

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

லாரிப் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை பூரா கிரீஸ், காகிதம் கறையானால் திட்டாதே. உன் போன் உடைந்து இரண்டு மாதமாச்சு, இன்னொன்று வாங்கித் தர உன் வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லையா? கடிதத்தையும் நீ வேலை பார்க்கும் தையல் கடைக்கே போடச் சொல்கிறாய். வீட்டு முகவரிக்கு என்ன கேடு?

போன கடிதத்தில் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்கிறாய். அதற்கு முன்னால் குளியலறையில் வழுக்கினாய். அது வீடா, சர்க்கஸா?

ஏதாவது என்றால் ஒரு வார்த்தை எழுது. கல்யாணத்தன்றே சபை நடுவில் சொன்னவன் நான். காலை பத்துக்கு ஏறினால் மதியம் ஒரு மணிக்கு அங்கே இறங்கிவிடலாம். மூணு மணி நேரம்தானே! சாப்பாட்டு வேளைக்கு வந்து நிற்பேன்.

உன் முரட்டு அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூணு மணி நேரம் இல்லை, அண்ணா. விமான டிக்கெட்டில் ஏறுகிற நேரம் உங்கள் ஊர்க் கடிகாரம், இறங்குகிற நேரம் எங்கள் ஊர்க் கடிகாரம். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஆறு மணி நேர வித்தியாசம். பறப்பது மொத்தம் ஒன்பது. நீ அத்தனை பேர் முன்னால் பெருமையாகச் சொன்னதால் திருத்த மனசு வரவில்லை.

அவருக்கு அது தெரியும். என் விரலை வைத்துக் கதவைச் சாத்தியது அவர்தான். "எங்க உங்க அண்ணன்? மூணு மணி நேரத்துல வர்றேன்னாரே, கெளம்பிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே சாத்தினார். போனை என் வாயில் அடித்துத்தான் உடைத்தார். முன்பல் இரண்டு போய்விட்டது. அடிக்கும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "இன்னும் நேரமிருக்கு" என்று சிரிக்கிறார். பாஸ்போர்ட் அவர் அலமாரியில் இருக்கிறது. போலீசுக்குப் போனால் கொளுத்திவிடுவாராம்.

இந்தத் தடவை பொய் எழுத முடியவில்லை. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

வாலு

ஏப்ரல் 2

வாலு,

படித்ததும் கையிலிருந்த ஸ்பேனரை வீசினேன், லாரிக் கண்ணாடி சில்லுசில்லாகப் போச்சு. நான் அடித்த ஜம்பம் உன் பல்லைத் தின்றிருக்கிறது.

விசா கிடைத்துவிடும். மே பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். விமானத்தில் ஸ்பேனரைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்களாம். வெறுங்கையே போதும், அவன் விரலை ஒவ்வொன்றாக ஒடிக்கிறேன். அதுவரை எதிர்த்துப் பேசாதே. உயிரோடு இரு, அது போதும் எனக்கு.

அண்ணன்

ஏப்ரல் 17

அண்ணா,

உன் கடிதம் முந்தாநாள் என் பையிலிருந்து அவன் கையில் சிக்கிவிட்டது. சமையலறையில் நின்று சத்தமாகப் படித்தான். "ஒவ்வொரு விரலாவா?" என்று கேட்டு, என் இடது கையை எரிகிற அடுப்பில் வைத்து அழுத்தினான். பிறகு கடிகாரத்தைக் காட்டத் தலையைத் திருப்பினான்.

நானும் பார்த்தேன். அங்கே நீ தூங்கிக்கொண்டிருப்பாய். ஒன்பது மணி நேரத்தை விடு, நீ அடுத்த தெருவில் இருந்தாலும் அந்த நிமிஷத்துக்கு உதவியிருக்க முடியாது. அவன் சட்டைக்காகச் சுட வைத்த இஸ்திரிப் பெட்டி மேடையில் இருந்தது. வலது கையால் எடுத்து முகத்தில் அடித்தேன். விழுந்தான். இனி எழுந்திருக்க மாட்டான் என்று தெரிந்த பிறகும் அடித்தேன், அண்ணா. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறேன். இடது கையில் கட்டு, காலில் விலங்கு. காவலுக்கு இருக்கிற போலீஸ்காரம்மாதான் காகிதம் கொடுத்தார். பல வருஷம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும் என்கிறார்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே, பத்தாம் தேதியே வா. ஒன்பது மணி நேரம் ஆனால் ஆகட்டும். இனி நேரமிருக்கு.

வாலு