சரி, அப்புறம் பேசுறேன்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் இளைத்தாற்போலத் தெரிகிறது. தொலைபேசியில் நீ கிடைப்பதில்லை. குரல் பதிவு செய்யச் சொல்லும் அந்தப் பெண்தான் கிடைக்கிறாள். அவளிடம் கேட்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நான் நினைப்பது தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போயிருந்தேன். தெருமுனை மருந்துக்கடைக்காரர் நீ இயக்கும் படங்களுக்குப் பரம ரசிகர். கல்லாவுக்கு மேலே உன் படம் மாட்டியிருக்கிறார். நான் உன் அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது. இந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் பாதிப் பேர் காபி வாங்கித் தருவார்கள், மீதிப் பேர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

"தலைவரோட விண்வெளிப் படம் சார். முன்னோட்டம் வந்திருச்சு, பாருங்க" என்று கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். இருட்டு. ஒரு கப்பல். எங்கோ ஒரு சிவப்பு விளக்கு. பிறகு ஒரு குரல்: "கதவைச் சாத்தினியா? இழுத்துப் பாத்தியா?" அவ்வளவுதான்.

"கப்பலோட மெஷின் பேசுது சார். இது யார் குரல்னு ஊரே மண்டையைப் பிச்சுக்குது. செத்துப்போன ஒரு பெரிய நடிகர் குரலைக் கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்கன்னு ஒரு கோஷ்டி. மனுஷக் குரலே இல்லைன்னு ஒரு கோஷ்டி. நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கென்னங்க தெரியும்" என்றேன். அதே குரலில்தான் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "ஒரு அட்டையா, ரெண்டு அட்டையா சார்?" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு கேள்விகளையும் நானே சொல்லிப் பதிவு செய்து, முன்னோட்டத்தோடு மாற்றி மாற்றிக் கேட்டேன். என் குரல் போலத்தான் இருக்கிறது. ஆனால் தன் குரலைத் தானே அடையாளம் காண்பது எளிதல்ல என்று படித்திருக்கிறேன். உறுதியாகச் சொல்லத் துணிவில்லை. நீயே சொல்லிவிடு.

உன் அண்ணன்

பி.கு. வெளியே கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்.


மார்ச் 15

அண்ணா,

உங்கள் குரல்தான். இதற்கு ஆராய்ச்சி வேறு செய்தீர்களா? படித்துவிட்டுச் சிரித்தேன்.

இத்தனை வருஷமாக நீங்கள் விட்ட குரல் பதிவுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கதவைச் சாத்தினியா, கேஸை மூடினியா, சாப்பிட்டியா, சரி அப்புறம் பேசுறேன். ஒவ்வொன்றும் அப்படித்தான் முடியும். வேலைக் காலம் முழுக்க லிஃப்ட் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தவரின் குரல். என் கப்பலைக் காவல் காக்கும் இயந்திரத்துக்கு நல்ல நல்ல நடிகர்களை வைத்துப் பார்த்தேன். எல்லோரும் நடித்தார்கள். நீங்கள் ஒருவர்தான் உண்மையாகவே கதவைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள்.

உங்கள் மருந்துக்கடைக்காரரைப் போன்றவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இயந்திரத்துக்குக் 'கதவுத் தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது கடவுளாம். இல்லை, எதிரி அனுப்பிய உளவாளியாம். அந்தக் கேள்வி ஒரு சங்கேதமாம். எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்கிறேன். நான் தும்மினால் அதற்கும் அர்த்தம் கண்டுபிடிக்கும் கூட்டம் ஒன்று, நான் தும்மியதற்காகவே என்னைத் திட்டும் கூட்டம் ஒன்று. இரண்டு கூட்டமும் முதல் நாளே டிக்கெட் வாங்கிவிடும். எனக்கு அது போதும்.

உங்களிடம் ஒரு கையெழுத்து வேண்டும். நீங்கள் எழுதியிருக்காவிட்டாலும் இந்த வாரம் நானே எழுதியிருப்பேன். தயாரிப்பாளரின் வக்கீல்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். சம்மதப் பத்திரம் இணைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தை இன்னும் போடவில்லை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

என் குரலை 'பிரபஞ்சம் முழுவதிலும், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லாக் கருவிகளிலும்' பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. பிரபஞ்சத்தைப் பற்றிச் சம்மதம் சொல்ல நான் யார் என்று முதலில் ஒரு கூச்சம் வந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. இத்தனை பேச்சையும் எடுத்து வைத்திருந்தவன் ஒன்றுக்காவது பதில் சொல்லியிருக்கலாமே. நான் குறையாகச் சொல்லவில்லை. தோன்றியது, அவ்வளவுதான்.

மேல்வீட்டு வக்கீலம்மாவிடம் பத்திரத்தைக் காட்டலாமா என்று யோசித்தேன். அவர் உன்னைக் கண்டாலே ஆகாத கட்சி. உன் படம் ஒன்றைக்கூட விடாமல் பார்த்துவிட்டுத் திட்டுவார். நேற்று மாடிப்படியில் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆளோட அடுத்த கூத்தைப் பாத்தீங்களா சார்? கதவுத் தாத்தாவாம். ஒரு ஈரம் இருக்கா அந்தக் குரல்ல? கட்டாயம் வில்லன்தான். கடைசியில எல்லாரையும் கொன்னுரும், பாத்துக்கிட்டே இருங்க."

"அப்படியாம்மா" என்றேன்.

"உங்களை மாதிரி சாதுவா இருக்கிறவங்களுக்கு அதெல்லாம் புரியாது சார்" என்றார்.

பத்திரத்தைக் காட்டவில்லை.

உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடும் கடைக்காரருக்கும், உன்னைக் கரித்துக்கொட்டும் இந்த அம்மாவுக்கும் காது ஒன்றுபோலத்தான் வேலை செய்கிறது. அந்தக் குரலோடு தினமும் பேசுகிறார்கள். ஆனால் கப்பலுக்குள்ளிருந்து வந்தால்தான் அவர்களுக்குக் கேட்கிறது.

இரண்டு விஷயம் தெரிந்தால் கையெழுத்துப் போடுவது எளிதாக இருக்கும். கடைசியில் அந்த இயந்திரம் என்ன ஆகிறது? கப்பலில் போனவர்கள் வீடு திரும்புகிறார்களா? இரண்டாவது என் கேள்வி அல்ல. இந்தப் படத்தை எடுக்கப்போகிறேன் என்று நீ முதன்முதலில் பேட்டி கொடுத்த நாளிலிருந்து உன் அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். "போனவங்க திரும்பி வந்துருவாங்கல்ல? அவன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க." நான் உனக்குக் குரல் பதிவு விட்டேன். அதுவும் உன்னிடம் இருக்கும்.

உன் அண்ணன்

பி.கு. கேஸ் குழாயை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.


ஏப்ரல் 2

அண்ணா,

கையெழுத்து வரும் என்று பார்த்தால் கேள்வித்தாள் வந்திருக்கிறது. வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது. உங்கள் ஒரு கையெழுத்துக்காக இங்கே ஒரு கட்டடம் முழுக்கக் காத்திருக்கிறது. அது வராவிட்டால் மிமிக்ரி கலைஞர் ஒருவரை வைத்துப் பேசவைக்கும்படி தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். எனக்கு அதில் இஷ்டமில்லை.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், வெளியே போகக்கூடாது. இயந்திரத்தை அணைத்துவிடுகிறார்கள். அது எதிரியும் இல்லை, கடவுளும் இல்லை. சதா கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது, பொறுக்கமுடியாமல் போய் அணைக்கிறார்கள். தியேட்டரே கைதட்டும். கைதட்டுவதற்காகவே அப்படி எடுத்திருக்கிறேன். கைதட்டிய பிறகு அவர்களுக்குக் கொஞ்சம் வெட்கம் வரும்படியும் எடுத்திருக்கிறேன். வருமா தெரியாது. வெட்கப்படுகிற கூட்டம் இல்லை அது.

யாரும் வீடு திரும்புவதில்லை. திரும்பினால் என்னை யார் மதிப்பார்கள்? அண்ணிக்குப் பிடித்திருக்காது, தெரியும். அவர் நல்ல மனுஷி. நல்ல ரசிகை என்று சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை அடுத்த முன்னோட்டம் வருகிறது. நீங்கள் பேசியதிலேயே மிகச் சிறந்த இடம் அதில் இருக்கிறது. பார்த்துவிட்டாவது கையெழுத்துப் போடுங்கள்.

தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் முன்னோட்டத்தை நான் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் சட்டையிலேயே அச்சடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். கறுப்புப் பனியன், நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளை எழுத்து: 'சரி, அப்புறம் பேசுறேன்.' அளவு போதாமல் வயிற்றில் இழுத்துப் பிடித்திருந்தது.

"பூமியைக் கூப்பிட்டுப் பாக்குது சார் தாத்தா. யாருமே எடுக்கலை. அப்ப சொல்லும் பாருங்க, உயிரே போயிரும்" என்று போட்டுக்காட்டினார். "யாராவது இருக்கீங்களா? ... ஒண்ணுமில்ல. ... சரி, அப்புறம் பேசுறேன்." நடுவில் இரண்டு முறை மெல்லிய மணிச் சத்தம்.

"அந்த மணிதான் சார் விஷயமே. வேற்றுக்கிரகத்துக்காரன் பதில் சொல்றான். பத்திரிகையில பக்கம் பக்கமா எழுதுறாங்க."

தம்பி, அது லிஃப்ட் மணி.

ஆஸ்பத்திரியின் அந்த மாடியில் இருந்த லிஃப்டில் கதவு முழுதாகத் திறக்காமல் ஒருமுறை தயங்கும், பிறகு மறுபடி மணி அடித்துத் திறக்கும். கதவு ஓடும் தடத்தில் குப்பை அடைத்திருந்தது. உன் அண்ணியின் தள்ளுவண்டியைக் கீழே கொண்டுபோக வந்த லிஃப்ட் அது. அவள் முகத்தை மூடியிருந்தார்கள். உனக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று கூப்பிட்டேன். பள்ளிக்கூடக் காலம் முழுக்க உனக்குச் சோறு போட்டவள் ஆயிற்றே. வழக்கம்போல அந்தப் பெண் பதிவு செய்யச் சொன்னாள். இதை எப்படிப் பதிவு செய்வது? ஒண்ணுமில்ல என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நேரத்திலும் யாராவது இந்தத் தடத்தைச் சுத்தம் செய்யவேண்டும் என்று நினைத்தேன். என்ன மனிதன் நான்.

மறுநாள் உன் உதவியாளர் மாலையோடு வந்தார். "சார் வெளிநாட்டுப் படப்பிடிப்புல இருக்காரு, நியூஸே இப்பத்தான் கிடைச்சுது" என்றார். நம்பினேன். இன்றுவரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. இதற்குப் பதில் வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், பதில் எதுவானாலும். அந்தப் பதிவை நீ முதலில் எப்போது கேட்டாய்?

உன் அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

உங்களிடம் பொய் சொல்ல வருவதில்லை. மற்ற எல்லோரிடமும் வருகிறது.

அன்றைக்கே கேட்டேன். பிற்பகல், படப்பிடிப்பு இடைவேளையில். உங்கள் குரலைக் கேட்டதுமே அண்ணி இல்லை என்று தெரிந்துவிட்டது. உடனே கூப்பிட்டிருக்கவேண்டும். மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டேன். பிறகு பக்கத்திலிருந்த ஒலிப்பதிவாளரிடம், "இதைத் தனியா எடுத்து வை" என்று சொன்னேன். அதற்குப் பிறகு எப்படி உங்களைக் கூப்பிடுவது? அடுத்த காட்சிக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. போய்விட்டேன்.

இப்படித்தான் நான். இதனால்தான் படம் எடுக்க முடிகிறது என்று நினைக்கிறேன். இயந்திரத்தை அணைப்பதற்குச் சற்று முன்னால் அந்தப் பதிவு வருகிறது. போட்டுப் பார்த்த இடத்தில் எல்லாம் அழுதார்கள். அண்ணிக்கு இதைவிடப் பெரிய அஞ்சலி என்னால் செய்ய முடியாது.

வெளியீட்டு விழாவில் அந்தக் குரல் யாருடையது என்று அறிவிக்கப்போகிறோம். நீங்கள் மேடைக்கு வரவேண்டும். ஒன்றும் பேசவேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் சொன்னால் போதும். அரங்கம் இடிந்துவிழும். வருவீர்கள்தானே?

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

கையெழுத்திட்ட பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கிறேன்.

இது மன்னிப்பு அல்ல. மறுத்தால் யாரோ ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்துக் கண்ணாடி அறையில் நின்றுகொண்டு என்னைப் போலப் பேசுவார். அந்த மணியையும் வேறெங்கோ அடித்துச் சேர்ப்பீர்கள். அது உன் அண்ணிக்காக அடித்த மணி. இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று ஒரு வாரமாக யோசித்தேன். நானும் அந்த நேரத்தில் தடத்துக் குப்பையைத்தானே நினைத்தேன், நீயும் நானும் ஒரே அச்சுத்தானோ என்று பயமாக இருந்தது. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அதை நினைத்துக்கொண்டே, கதவு வண்டியில் இடித்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே போகும்வரை பிடித்திருந்தேன். நீ உன் காட்சிக்குப் போனாய். ஆகவே யோக்கியதை உண்டு என்ற முடிவுக்கு வந்தேன். தவறானால் தவறாகவே இருக்கட்டும்.

உன் ரசிகர்கள் உன்னைப் பெரிய மேதை என்கிறார்கள். வக்கீலம்மாவின் கட்சி பெரிய அயோக்கியன் என்கிறது. பெரிய ஆள் என்பதில் இரண்டு தரப்புக்கும் சந்தேகமில்லை. நீ அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஒரு சாவைக் கேட்டுவிட்டு எடுத்து வை என்று சொல்ல மேதையும் வேண்டாம், அயோக்கியனும் வேண்டாம். மிகவும் சின்ன மனிதன் ஒருவன் போதும். அவனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அண்ணி பரிமாறும்போது தட்டைப் பார்ப்பான், முகத்தைப் பார்க்கமாட்டான். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடைக்கு வரமாட்டேன். மருந்துக்கடைக்காரர் முதல் காட்சிக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டார். "போனவங்க திரும்பி வர்ற படமா இருந்தா எடுங்க" என்றேன். "அதெப்படி சார் தெரியும், தலைவர் படமாச்சே, என்ன வேணும்னாலும் நடக்கும்" என்று பூரித்துப்போனார். பாவம், காத்திருக்கட்டும்.

இனி அந்தப் பெண்ணிடம் நான் பேசமாட்டேன். உன் எண்ணை எடுத்துவிட்டேன். பிரபஞ்சம் முழுவதுக்கும் என் குரலைக் கொடுத்தாயிற்று, உனக்குத் தனியாக எதற்கு?

சரி.

அண்ணன்