முன்னால் போன சிவப்பு விளக்கு

சேலையூர்
18.1.2006

சிரஞ்சீவி கிட்டுவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். போகிப் புகை இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை, இருமிக்கொண்டே சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீ இருமாமல் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன்.

பண்டிகைக்கு முன்னால் போனில் பெருமையாகச் சொன்னாயே, குர்கானில் எவ்வளவு மூடுபனி இருந்தாலும் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஆபீஸ் போய்விடுகிறேன் என்று, அந்தச் சாமர்த்தியத்தின் லட்சணத்தை நான் இங்கேயே பார்த்துவிட்டேன். மார்கழிக் கடைசி நாளாயிற்றே, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகலாம் என்று போகியன்று விடிகாலையில் உன் மாமா சுப்ரமணியன் புதுக் காரோடு வந்து நின்றான். உன் அம்மா முன்சீட்டில், நான் பின்சீட்டில். தெருவெல்லாம் டயர் எரிகிறது. பேங்க் மேனேஜர் முதற்கொண்டு வாசலில் நின்று டயர் கொளுத்துகிறார், தூ, படித்த ஜனங்களா இவர்கள்! மூக்கில் கரி, வாசல் கோலத்தில் கரி. பீர்க்கன்கரணை வரும்போது பனியும் புகையும் கலந்து எங்கள் கார் பானெட்டே எங்களுக்குத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்துடா என்றேன். பயப்படாதீங்கோ அத்திம்பேர், முன்னாடி வண்டி லைட்டைப் பிடிச்சுண்டு போயிடலாம் என்றான் மேதாவி. ஹைபீம் விளக்கை வேறு போட்டான், அது வெள்ளைச் சுவராகத் திரும்பி எங்கள் கண்ணிலேயே அடித்தது. சிவப்பு விளக்கு இடது பக்கம் திரும்பியது, இவனும் திரும்பினான். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது, நாற்றம் மூக்கைத் துளைத்தது, திடீரென்று அந்த விளக்கு நின்றுவிட்டது. இவன் பிரேக்கை மிதித்தபோது லாரியின் பின்பலகை பானெட்டுக்கு மேலே வந்து முன்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உன் அம்மாவின் முகம்.

இறங்கிப் பார்த்தால் ஏரியோரக் குப்பை மேடு! லாரி டிரைவரைக் கேட்டால், நா இன்னா சார் பண்றது, நானும் முன்னால போன வேன் லைட்டைப் பாத்துகினுதான் வந்தேன் என்கிறான். அந்த வேன்காரன் பழைய டயர்களை ஏற்றி வந்து, எரிகிற நெருப்பில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த மகானைத்தான் நாங்கள் இத்தனை பேரும் நம்பி வந்திருக்கிறோம். உன் மாமாவோ பம்பரில் கீறல் விழுந்துவிட்டதே என்று அழுகிறான். சீ, இவனெல்லாம் ஒரு மனுஷன். உன் அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், ஏன்னா, நம்ம கிட்டுவும் தினம் இப்படித்தானே போறான் என்று கேட்டாள்.

உனக்கு முன்னால் போகிறவன் எங்கே போகிறான் என்று உனக்குத் தெரியுமாடா? ரோடு தெரியாவிட்டால் ஏதாவது பெட்ரோல் பங்கில் ஒதுங்கி டீ குடி, ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போகாது. வெயில் வந்த பிறகு கிளம்பு. தீர்க்காயுசாக இரு. ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் தினம் அம்மாவுக்கு ஒரு போன் செய், மறக்காதே. போகியிலிருந்து உன் குரல் கேட்கும்வரை அவள் காபி குடிப்பதில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
ராஜகோபாலன்