ஐந்தாவது தட்டு

மச்சான்,

விமான நிலையத்துக் காபிக்கடையில் கொட்டை அரைக்கிறார்கள். வாசனை வந்ததும் என் மூக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. வறுவல் கொஞ்சம் தூக்கல், சிக்கரி துளிகூட இல்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "இன்னா மச்சான், கப்புக்குத்தான் காசு வாங்கறான், காபி சும்மா வருது" என்று கடைக்காரர் காதில் விழும்படியே சொல்லியிருப்பாய்.

உன் மகளோடு டில்லிக்குப் போகிறேன். அவளே பார்த்துப் பிடித்த பையன், நல்ல பையன். அவன் அம்மாதான் இன்னும் சரி சொல்லவில்லை. "அப்பா இல்லாத பெண்ணாயிற்றே, யார் வந்து பேசுவார்கள்?" என்று கேட்டிருக்கிறார். அதனால் நான் கிளம்பினேன். வில்லியனூரில் நாம் சேர்ந்து காபித்தூள் கடை போட்டபோதுகூட எனக்கு இவ்வளவு படபடப்பு இல்லை.

தட்டு ஐந்து வைப்பதாக ஏற்பாடு. அதிரசம், முறுக்கு, முந்திரி, கல்கண்டு, அப்புறம் பாகூரில் சொல்லிவைத்து வாங்கிய நெய். பெட்டியில் போட்டால் உடையும் என்று நெய் பாட்டிலைக் கைப்பையில் வைத்திருந்தேன். சோதனையில் எடுத்துவிட்டார்கள். கட்டியாக உறைந்து கிடக்கிறதே, இது எப்படித் தண்ணீர்க் கணக்கு என்று வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. மிச்சம் நான்கு. சம்மந்தம் பேசுகிற இடத்தில் இரட்டைப்படையில் தட்டு வைப்பதா?

கடை கடையாக ஏறினேன். மினுக்குகிற டப்பாவில் மைசூர்பாகு. திருப்பித் தேதியைப் பார்த்தேன்.

"கெடப்போற சரக்க முன்னாடி வச்சிருக்கியேம்மா."

"நீங்க இன்னிக்கே குடுக்கப் போறீங்கதான சார்?"

கெட்டிக்காரி. நம் கடையில் இருக்கவேண்டியவள்.

அதற்குள் உன் மகள் தன் பையிலிருந்து நம் காபித்தூள் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். எனக்குத் திக்கென்றது. என் பெரியவளுக்குச் சம்மந்தம் பேச மடுகரைக்குப் போனபோது, வண்டியில் நான் வைத்த பாக்கெட்டை நீ எடுத்துக் கீழே வைத்தாயே: "நம்ம சரக்கயே எடுத்துனு போனா சாம்பிள் குடுக்க வந்தவன் மாதிரி இருக்கும்டா." அதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"சாம்பிள்தான் மாமா. அப்பா இல்லாத பொண்ணுன்னுதான சொன்னாங்க? குடிச்சிப் பாத்து, இன்னா மாதிரி வூடுன்னு தெரிஞ்சிக்கட்டும்."

பாக்கெட்டை வாங்கிக் கைப்பையில் முந்திரிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐந்தாயிற்று.

பையன் செய்தி அனுப்பியிருக்கிறான். அவன் அம்மா நமக்காகப் புழுங்கலரிசி தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறாராம். வேண்டாம் என்று சொல்லப்போகிறவர் இவ்வளவு மெனக்கெடமாட்டார், வியாபாரியாகச் சொல்கிறேன்.

வரிசை நகர்கிறது. நீ போன பிறகும் சரக்கு போட வருகிறவர்களிடம் "நாங்க பார்த்துச் சொல்றோம்" என்றுதான் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இன்னொருத்தர் எங்கே என்று கடைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். மாற்றிக்கொள்ள எனக்கு வரவில்லை. பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்று டில்லியில் அந்த அம்மா கேட்டாலும், "நாங்க" என்றுதான் சொல்வேன்.