அமுக்கராக் கிழங்கும் நான் சொன்ன பொய்யும்

மார்ச் 12, வியாழன் இரவு

எனக்குத் தாய்ப்பால் ஊறட்டும் என்று மாமி தலைமன்னார் மணலெல்லாம் தேடி அமுக்கராக் கிழங்கு கிண்டிவந்து, ஆட்டுப்பாலில் காய்ச்சித் தந்தார். ஐந்து நாளாகக் குடிக்கிறேன். பால் ஊறியது. ஆனால் குடிப்பதற்குப் பிள்ளை எழும்புகிறான் இல்லை.

"நித்திரை கொள்ளுற பிள்ளையை ஏனடி உருட்டுறாய்? ஊரில எல்லாரும் அழுற பிள்ளையோட மாரடிக்கினம்" என்று மாமி சிரிக்கிறார்.

இன்று கிளினிக்கில் தாதி மிஸ்ஸி, "நாட்டுமருந்து ஏதும் குடிக்கிறீங்களோ?" என்று கேட்டார். பக்கத்தில் மாமி நின்றார். "இல்லை மிஸ்" என்றேன். அளவு மீறினால் அந்தக் கிழங்கு மயக்கும், பாலோடு பிள்ளைக்கும் போகும், அதன் பழம் நஞ்சு என்று கல்லூரியில் படித்தவள் நான்.

இப்போது பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினேன். கண் திறந்தான், அழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். மீதிக் கிழங்கைச் சீலையில் முடிந்துகொண்டேன். மாமியும் வரட்டும். அவர் முன்னாலேயே டொக்டரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன்.