இன்சுலின் குளிர்ந்தா கிளம்பலாம்

அன்புள்ள செல்லத்துக்கு,

நானும் உங்கம்மாவும் படகும் இங்க நல்லா இருக்கோம். நீயும், உன் வயித்துக்குள்ள உதைக்கிற ஆளும் அங்க நல்லா இருக்கணும். படகு நல்லா இருக்குன்னு சொன்னேனே தவிர அதுல இருக்கிற ஃபிரிட்ஜ் சரியில்ல, விடியறதுக்குள்ள பேட்டரியைக் குடிச்சுத் தீர்த்துடுது. கரையில கட்டியிருக்கிற வரைக்கும் கரன்ட் ஒயர் இருக்கு, நடுக்கடல்ல எங்க போறது? பால் திரிஞ்சா கடுங்காப்பி குடிச்சுக்கலாம், வழிக்குன்னு வாங்கி வெச்ச அம்மாவோட இன்சுலின் கெட்டுப்போனா என்ன பண்றது? அதான், உன் பிரசவத்துக்குள்ள வந்துடுவோம்னு வாய்கிழியப் பேசினவன் இன்னும் இங்கயே குட்டி போட்ட பூனையா சுத்திக்கிட்டிருக்கேன். அம்மாவை மட்டுமாவது விமானத்துல அனுப்புங்கன்னு நீ சொன்னதைச் சொன்னேன், இந்த மனுஷனைத் தனியா கடல்ல விட்டா படகு மட்டும்தான் வந்து சேரும்ங்கிறா.

சும்மா உக்கார முடியாம ஃபிரிட்ஜ் பெட்டியையே பிரிச்சுப் போட்டேன். காலேஜைத்தான் முடிக்கல, இதையாவது முடிங்கன்னா உங்கம்மா. சுவருக்குள்ள இருந்த ஃபோமைப் பிழிஞ்சா தண்ணி ஊத்துது, நனைஞ்ச கம்பளியைப் போர்த்திக்கிட்டா குளிரைத் தாங்குமா? எல்லாத்தையும் சுரண்டிப் போட்டுட்டு, உள்ளங்கை அகலக் கனத்துல புது ஃபோம் பலகை வெட்டி அடைச்சு, இண்டு இடுக்கெல்லாம் அலுமினிய டேப் ஒட்டினேன். அடியில தண்ணி வடியிற குழாய் வழியாவும் குளிர்காத்து கசிஞ்சுது, அதுக்கு ஒரு தக்கை. தாத்தா ஆகப்போறவனே, மிச்ச இடத்துல நீயே படுத்துக்கோடான்னு பக்கத்துப் படகு மெக்கானிக் நக்கலடிச்சான்.

இவ்வளவும் பண்ணி, கரன்ட் ஒயரைக் கழட்டிப் பார்த்தா மறுபடியும் பேட்டரி காலி. தலையைப் பிச்சுக்கிட்டேன். அப்புறம் பார்த்தா, மருந்து குளிரா இருக்கான்னு அம்மா மூடியைத் திறந்து தொட்டுப் பார்க்கிறா, அவ அந்தாண்ட போனதும் என் வேலை நிக்குதான்னு நான் திறந்து பார்க்கிறேன். ரெண்டு பேருமா பார்த்துப் பார்த்தே குளிரைக் காலி பண்ணியிருக்கோம்! ஒயர் வெச்ச தெர்மாமீட்டர் வாங்கி உள்ள விட்டு, நம்பர் காட்டுற டப்பாவை வெளிய மாட்டினேன். என்னை நம்பாம அம்மா மூடிக்குக் கயிறு கட்டி, எனக்கு அவிழ்க்க வராத முடிச்சாப் போட்டா. கரன்ட் ஒயரைக் கழட்டிட்டு ஒரு முழு நாள் விட்டோம், எனக்குக் கை அரிச்சுது. மறுநாள் காலையில பேட்டரி பாதிக்கு மேல இருக்கு, நம்பரும் ஏறல. அம்மா அதைப் பார்த்தா, போய்க் கரன்ட் ஒயரைச் சுருட்டிக் கட்டிச் சாமான் பெட்டியில போட்டுப் பூட்டிட்டா.

காத்து திரும்பினதும் கிளம்புறோம். மாடிப்படி பார்த்து இறங்கு, மாப்பிள்ளையைத் திட்டாதே. உன் ஃபிரிட்ஜ்ல அம்மா மருந்துக்கு ஒரு தட்டு காலி பண்ணி வை, மறந்துடாதே. ரெண்டு உசுரும் நல்லபடியா வேற வேறயாகணும், நல்லா இருப்பே. உள்ள இருக்கிறதுகிட்ட கொஞ்சம் பொறுக்கச் சொல்லு, என் ரத்தமாச்சே, அதான் பயமா இருக்கு.

இப்படிக்கு,
ஒரு இடத்துல நிக்காத உன் அப்பா