வித் பிளஷர் சொன்ன கோமுவுக்கு

என் செல்லக் கோமு,

அங்கே சௌக்கியமா? துறைமுக ஆபீஸ் கதையைச் சொல்லி நம்மைக் கட்டிய அண்ணனும் தம்பியும் அங்கேயும் சத்தம் போடுகிறார்களா? போடட்டும். இந்த டாலிகஞ்ச் வீட்டுக்கு மருமகள்களாக வந்த நாம் இரண்டு பேரும் அதைக் கேட்டுப் பழகியவர்கள்தானே.

இங்கிலீஷ் பழக நாம் போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? காலையில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால், இருட்டுவதற்குள் வெளியாள் ஒருவரிடம், பொருத்தமான இடத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். நமக்குள் சொன்னால் செல்லாது. 'நோ ஹார்ம் டன்' சொல்வதற்காக, யாராவது மிதிக்கட்டும் என்று நான் மெட்ரோவில் காலை நீட்டிக்கொண்டு நின்றதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய்!

ஆனால் உன்னை மிஞ்ச முடியுமா? நீ 'வித் பிளஷர்' எடுத்த நாளில், எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த வங்காளிப் பெண், அந்த பௌதி, இலிஷ் மீன் சமைத்திருக்கிறேன், கொஞ்சம் அனுப்பட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டாள். முட்டைகூடத் தொடாத நீ, முகமெல்லாம் பல்லாக "வித் பிளஷர்!" என்றாய். கிண்ணம் நிறைய வந்தது. "அக்கா, பொருத்தமான இடந்தானே? முதல்ல மார்க் போடுங்க" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாயே, படுபாவி. மீன் பூனைக்குப் போயிற்று, மார்க் உனக்கு வந்தது.

நீ போனபிறகு நான் வாயையே திறக்கவில்லை. யாரிடம் வந்து சொல்லிச் சிரிக்க? அதைக் கேள்விப்பட்டுத்தான் போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகன் ரகு வந்து நின்றான்.

"வீட்ட வித்துட்டு என்கூட வந்துரும்மா. இங்க உனக்கு யாரு இருக்கா?"

கையோடு ஒரு புரோக்கரையும் கூட்டி வந்திருந்தான். அந்த ஆள் நம் சமையலறையை டேப் வைத்து அளக்கிறான்! தமிழில் மாட்டேன் மாட்டேன் என்றேன், ரகு காதில் ஏறவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புரோக்கர் பக்கம் திரும்பினேன்.

"ஐ ஹேவ் மேட் அப் மை மைண்ட். திஸ் ஹவுஸ் இஸ் நாட் ஃபார் சேல்."

"ஓகே மாஷிமா" என்று வங்காளத்தில் பெரியம்மா முறை வைத்து அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். ரகு சிரித்துவிட்டான். "சரிம்மா, உன் இஷ்டம். ஆனா ஏன்னு மட்டும் சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோமு. சுவரில் மாலையோடு சிரிக்கும் உன்னை இங்கே தனியாக விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று அவனிடம் சொல்ல, எந்த மொழியிலும் எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் சத்தியம். இங்கேதான் இருப்பேன். வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன்.

உன் ஓரகத்தி, உனக்கு மூத்தவளாக வந்து உனக்குப் பின்னும் மிஞ்சியவள்,
செண்பகம் அக்கா