வெறும் கிண்ணம்

சிராங்கூன் ரோடு, 1907

அடுத்த வீட்டு அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள். ஆனால் நேரில் வந்தால் என் வாய் சும்மா இருக்காது.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் இரண்டு கஞ்சாச் செடி வளர்த்தது, மாட்டுவண்டி ஓட்டி நொந்துபோன தன் இடுப்பில் அரைத்துக் கட்டத்தான். உங்கள் வீட்டுக்காரர் கால் வீங்கிக் கிடந்தபோது, "பாவம், கொண்டுபோய்க் குடு" என்று ஒரு கிண்ணம் இலையை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று நீங்கள் அதில் சர்க்கரை போட்டு அனுப்பினீர்கள். நாம் எப்போதும் செய்வதுதானே! போலீஸ் செடியைக் கண்டுபிடித்து வழக்குப் போட்டபோது, அதைக் கோர்ட்டில் ஏன் சொன்னீர்கள்? "நாங்க ஒண்ணும் ஓசியில வாங்கலைங்க, சர்க்கரை குடுத்துட்டோம்" என்று தலையை நிமிர்த்திச் சொன்னீர்களே!

சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் அபராதத்தோடு போயிருக்குமாம். சர்க்கரை கைமாறியதால் இது வியாபாரமாம். தீர்ப்புச் சொன்ன துரை ஆறு மாதம் ஜெயில் போட்டுவிட்டார். அதே கஞ்சாவை, சர்க்காருக்குப் பணம் கட்டி விற்பனைக் குத்தகை எடுத்தவன் நடுத்தெருவில் கடை விரித்து விற்கிறான். அவன் விற்றால் சர்க்காருக்கு வருமானம், இவர் இரக்கப்பட்டுக் கொடுத்தால் குற்றம்!

துரைக்கு நம் வழக்கம் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே அக்கா. உங்கள் ரோஷம் என் புருஷனை உள்ளே தள்ளிவிட்டது.

நேற்று ஒன்றுமே நடக்காததுபோல் குழம்பு அனுப்பியிருந்தீர்கள். அந்தக் கிண்ணம் இத்துடன் வருகிறது. கழுவித் துடைத்திருக்கிறேன். உள்ளே எதுவும் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு இலை கொண்டுவந்தவள்